வீட்டில் சொல்லித் தருபவர்: யாரும் இல்லை

ஆண்டுத் தொடக்கத்தில் பள்ளிக்கூடம் ஒரு படிவம் அனுப்பியது. அப்பா என்ன வேலை, அம்மா என்ன வேலை, வீட்டில் எத்தனை அறை, எத்தனை புத்தகம் என்று துருவித் துருவிக் கேட்டிருந்தார்கள். ‘வீட்டில் பாடம் சொல்லித் தருபவர் யார்?’ என்ற இடத்தில், ‘யாரும் இல்லை’ என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

பெருமையாகத்தான் எழுதினேன். நான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அழுக்குத் துணி பிரிக்கிறவள். அவர் லாரி ஓட்டுகிறார். வாரத்தில் இரண்டு நாள் முகம் பார்த்தால் அதிகம். மூன்றாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகள் தானாகவே எழுத்துக்கூட்டிப் பழகி, இன்று நான் சமைக்கும்போது செய்தித்தாளை எனக்கு வாசித்துக் காட்டுகிறாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் கையெழுத்தால் கெட்டேன்.

போன வாரம் கடிதம் வந்தது. அடுத்த ஆண்டு அவளை ‘மெதுவாகக் கற்போர்’ பிரிவில் போடுகிறார்களாம். சம்மதக் கையெழுத்து வேண்டுமாம். அந்தப் பிரிவு எனக்குத் தெரியும். எங்கள் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் அக்காவின் மகள் அங்கே போய் இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறாள். உள்ளே போன பிள்ளை வெளியே வந்ததாகச் சரித்திரமே இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு, மூன்று மணிக்குத் தலைமை ஆசிரியை அறையில் போய் நின்றேன். வகுப்பு டீச்சரும் இருந்தார். மகளையும் கூப்பிட்டிருந்தார்கள்.

“வீட்ல யாரும் சொல்லித் தர்றதில்லன்னு நீங்களே எழுதியிருக்கீங்களேம்மா,” என்றார் டீச்சர். “அவ நல்லதுக்குத்தான் சொல்றோம்.”

“அழுக்குத் துணியக்கூட மூட்டையப் பிரிச்சுப் பாத்துட்டுத்தான் டீச்சர் நாங்க தரம் பிரிக்கிறோம். எம்பொண்ண நீங்க பிரிச்சுப் பாத்தீங்களா?”

தலைமை ஆசிரியை சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபமிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன், பரிதாபம் இருந்தது. “சரிம்மா. இப்பவே படிக்கட்டும்,” என்று ஒரு புத்தகத்தை நீட்டினார்.

மகள் வாங்கினாள். டீச்சர் முகத்தைப் பார்த்தாள். பிறகு, “ம... மழை... பெ... பெய்...” என்று திக்கினாள். நேற்று அரசியல் செய்தியைக் கடகடவென்று வாசித்த வாய் அது. “படிடி!” என்று அதட்டினேன். இன்னும் மோசமாகத் திக்கினாள்.

“பாத்தீங்களா?” என்றார் டீச்சர், மெதுவாக.

தலை குனிந்து கையெழுத்துப் போட்டேன்.

நடைவழிக்கு வந்ததும் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். “ஏன்டி என் மானத்த வாங்குன?”

அவள் அழவில்லை. “நான் நல்லா படிச்சா டீச்சருக்குப் பிடிக்காதும்மா. அன்னிக்குக் கட்டுரை நல்லா எழுதினேன். ‘உங்க வீட்லதான் யாரும் இல்லையே, யாரப் பாத்து எழுதினே, உண்மையச் சொல்லு’ன்னு சாயங்காலம் வரைக்கும் நிக்க வெச்சாங்க. கடைசில, காப்பியடிச்சேன்னு சொன்னேன். அப்பறந்தான் உக்காரச் சொன்னாங்க.”

எட்டு வயது. பொய் சொன்னால்தான் உட்கார இடம் கிடைக்கும் என்று ஒரு பள்ளிக்கூடம் அவளுக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது. அதை மட்டும் அவள் ஒரே நாளில் கற்றுக்கொண்டுவிட்டாள். அந்தப் பிள்ளையைப் போய் உலுக்கினேனே என்று என் கையை நானே வெட்டிப் போடலாம் போலிருந்தது.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போய்க் கதவைத் தள்ளினேன். மேசையிலிருந்த சம்மதக் கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தேன்.

“எட்டு வயசுப் பிள்ளையத் திருடியாக்கிட்டு, அவ நல்லதுக்குன்னா சொல்றீங்க? மறுபடியும் படிக்கச் சொல்லுங்க. இந்தத் தடவ யாரும் அவ மூஞ்சிய முறைக்கக் கூடாது.”

தலைமை ஆசிரியை கிழிந்த துண்டுகளைப் பொறுக்கி ஒதுக்கினார். குரல் கொஞ்சமும் உயரவில்லை.

“நீங்க இதக் கிழிச்சு என்னம்மா ஆகப்போகுது? பிரிவுப் பட்டியல காலையிலயே கம்ப்யூட்டர்ல ஏத்தி அனுப்பிட்டோமே.”

“காலையிலயா?” என்றேன். “அப்ப மத்தியானம் எம்பொண்ண எதுக்குப் படிக்கச் சொன்னீங்க?”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் சொல்லித் தர யாருமில்லாத என் மகளுக்கு, அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தது. என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“உங்ககிட்ட கையெழுத்து வாங்கத்தாம்மா.”