வெண்மதி, அரசுத் தரப்பு

“கையெழுத்துப் போடாத!”

சந்திரலேகா இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வந்து, வெண்மதியின் விரல்களிலிருந்து பேனாவைப் பிடுங்கினாள்.

கடலூர் தொழிலாளர் அலுவலக மாடி. சமரசப் பேச்சு தொடங்க இன்னும் நேரமிருந்தது. அதற்குள் வராந்தாவிலேயே காரியத்தை முடிக்கப் பார்த்திருக்கிறார், கம்பெனி வக்கீல் செம்பியன்.

“கேஸ் போட்டது கவர்மெண்டு, சார். லேபர் இன்ஸ்பெக்டர் நான் வர்றதுக்குள்ள என்ன அவசரம்?”

“சிதம்பரத்துலேர்ந்து பஸ்ல வர்றீங்களே, களைப்பா இருக்கும். உங்க வேலையக் குறைக்கலாமேன்னுதான் மேடம்.”

தாளைப் படித்தாள் சந்திரலேகா. ‘நானாகவே வேலையிலிருந்து நின்றுகொண்டேன்.’

பேனா போனது வெண்மதிக்குத் தெரிந்ததாகவே தோன்றவில்லை. விரல்கள் பிடித்த மாதிரியே மடங்கியிருந்தன.

கிள்ளைப் பக்கம் ஓர் இறால் கம்பெனியில் தோல் உரிக்கும் வேலை பார்த்தவள். வளைகாப்பு முடிந்த மறுநாள் கேட்டோடு திருப்பி அனுப்பினார்கள். அடுத்த மாதம் குழந்தை செத்தே பிறந்தது. கர்ப்பிணியை நீக்கியது குற்றம் என்று தொழிலாளர் துறை சிதம்பரம் கோர்ட்டில் வழக்குப் போட்டது. இன்று கம்பெனி பணிந்தால் வேலை திரும்பக் கிடைக்கும். இல்லாவிட்டால், வழக்கு கடைசிவரை இழுக்கும்.

“நாங்க எங்க மேடம் நீக்கினோம்?” செம்பியன் கையை விரித்தார். “உள்ள வளையல் போடக் கூடாது. சரக்கெல்லாம் வெளிநாடு போவுது. கண்ணாடித் துண்டு விழுந்தா யார் பதில் சொல்றது? கழட்டிட்டு வாம்மான்னோம். மாட்டேன்னுட்டு அதுவாத் திரும்பிப் போயிடுச்சு.”

“வெண்மதி, மாட்டேன்னு சொன்னியா?”

பக்கத்தில் நின்ற மாமியார் தில்லையம்மாள் முந்திக்கொண்டாள்.

“பின்ன? எப்படிங்க கழட்டுவா? வளைகாப்பு வளையலு! புள்ள பொறக்கற வரைக்கும் கையில கெடக்கணும். எங்க தெரு பவானி அவசரப்பட்டுக் கழட்டினா. புள்ள போச்சு. அவள இன்னிக்கு வரைக்கும் வீட்டுல சேக்கலியே! எம் மருமவ அப்படியில்ல. வேலை போனாலும் போவட்டும்னு வளையலோட வந்தா. நானே பாத்தேன்.”

சந்திரலேகா கண்ணை மூடிக்கொண்டாள்.

“அப்படிப் போடுங்கம்மா!” செம்பியன் கை தட்டாத குறை. “இதையே கோர்ட்லயும் வந்து சொல்லிடுங்க. பஸ் செலவு என்னுது.”

“அதுக்கென்ன, சொல்றேன். எனக்கென்ன பயமா?”

“சும்மா இரும்மா!” சந்திரலேகா சீறினாள். “நீ பேசப் பேச உம் மருமவ கேஸு செத்துக்கிட்டிருக்கு.”

தில்லையம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நல்லதாகத்தானே சொன்னோம் என்று எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

உள்ளே பெயர் கூப்பிட்டார்கள். செம்பியன் பையிலிருந்து இன்னொரு பேனாவை எடுத்து நீட்டினார். “போட்டுட்டுப் போயிடும்மா. எதுக்கு அலைச்சல்?”

வெண்மதி அதை வாங்கவில்லை. மாமியாரைப் பார்த்தாள். குரலில் அழுகை இல்லை, கோபம் இல்லை. யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலிருந்தது.

“அத்தை, நான் கழட்டினேன்.”

“என்னாடி சொல்ற?”

“கழட்டத்தான் பாத்தேன். கை வீங்கிக் கெடந்துச்சு, வரல. கேட்டுத் தூணுல இடிச்சு எல்லாத்தையும் ஒடச்சேன். ரெண்டு கையிலயும் ரத்தம். காமிச்சேன். மேனேஜர் பாத்தாரு. ‘வளையல் போச்சு, வயிறு அப்படியேதான இருக்கு’ன்னு சிரிச்சிட்டு, கேட்டச் சாத்தச் சொன்னாரு. வாட்ச்மேன் காத்தவராயன் அண்ணந்தான் சாத்தினாரு, கேளுங்க.”

செம்பியனின் பேனா மெல்ல இறங்கியது.

“பொய்யி!” தில்லையம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். “வளையலோடதான வூட்டுக்கு வந்த?”

“அது வேற வளையலு, அத்தை. சிதம்பரம் கீழ வீதிக்குப் போயி, அதே கலருல வாங்கிப் போட்டுக்கிட்டு வந்தேன்.”