இஞ்ஞாசியம்மாளுக்கு ஓர் இடம்

மரியான் பெரியப்பா போட்ட வம்சப் படத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது என்றுதான் புன்னைக்காயலில் எல்லோரும் நினைத்தார்கள். பெரியப்பாவும் அப்படித்தான் நினைத்தார், மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே. எழுபத்துநாலு வயதில், மூன்று வருஷம் கோயில் அலுவலகமே கதியென்று கிடந்து, ஐந்து தலைமுறைக் கல்யாணப் பதிவேடுகளைப் புரட்டி, நூற்றுப் பன்னிரண்டு பேரை ஒரே படத்தில் கொண்டுவந்திருந்தார். திருவிழாவுக்குக் கொழும்பிலிருந்தும் மும்பையிலிருந்தும் சொந்தங்கள் வருகிறபோது, அதைப் பன்னிரண்டடி ஃபிளெக்ஸாக வாசலில் கட்டுவதாக ஏற்பாடு.

அந்த நூற்றுப் பன்னிரண்டு பேரில் ஜாஸ்லின் இல்லை.

அவள் அவருடைய தம்பி மகள். நாற்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை, தூத்துக்குடியில் கப்பல் ஏஜென்சியில் வேலை. வாட்ஸப்பில் வந்த படத்தில் அண்ணன் பெவின் இருந்தான், மதினி இருந்தாள். அவர்களுடைய மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். பத்து வயது ரெனிஷுக்குக்கூட, பின்னால் கட்டிக்கொள்வான் என்ற நம்பிக்கையில் பெரியப்பா இடம் கொடுத்திருந்தார். பெவினுக்குப் பக்கத்தில் மட்டும் வெள்ளையாக ஓர் இடம் கிடந்தது. ஜாஸ்லின் உடனே போன் போட்டாள்.

"பெரியப்பா, என் பேரு விட்டுப்போச்சு."

"விட்டுப்போகல. கல்யாணப் பதிவேட்ட வச்சுத்தான் எழுதியிருக்கேன். அதுல ஏறாதவங்கள நான் எங்கன கொண்டு வைக்க? கோவிச்சுக்கிடாத. வெள்ளிக்கிழம ஃபிளெக்ஸ் அடிக்கக் குடுத்திருக்கு."

கோபம் வரத்தான் செய்தது. அதைவிடப் பயம் வந்தது. ஐம்பது வருஷம் கழித்து இந்தப் படத்தைப் பார்க்கிறவர்களுக்கு இப்படி ஒருத்தி இருந்தாள் என்பதே தெரியாது. அதை அவளால் தாங்க முடியவில்லை. ஆனால் அழுது காரியம் சாதிக்கிற ஆள் அவளில்லை. கண்டெய்னர் பேப்பரைக் கடைசிக் கட்டம்வரை படிக்காமல் முத்திரை வைக்காதவள். ஒரு பதிவேட்டை நம்பி உட்கார்ந்திருப்பவரை இன்னொரு பதிவேட்டைக் காட்டித்தான் மடக்க வேண்டும் என்று முடிவுகட்டி, புதன்கிழமை லீவு போட்டுப் புன்னைக்காயலுக்குப் பஸ் ஏறினாள்.

பங்குச்சாமியார் ஞானஸ்நானப் பதிவேடுகளை எடுத்துக் கொடுத்தார். பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், அப்புறம் ஒரு ஓரமாக ஞானத்தாய் பெயர். ஞானஸ்நானத்தின்போது பிள்ளையைக் கையில் ஏந்தி நிற்பவள் அவள்தான். குடும்ப வரலாறு தேடி வருகிற யாரும் அந்தக் கட்டத்தைப் படிப்பதில்லை. ஜாஸ்லின் படித்தாள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தது: இஞ்ஞாசியம்மாள், பிள்ளையின் அத்தை, மணமாகாதவள். பதினோரு பிள்ளைகள். பதினோரு பேரும் வம்சப் படத்தில் குடும்பம் குட்டியோடு இருந்தார்கள். ஏந்தியவளைக் காணோம்.

பன்னிரண்டாவது பதிவைப் பார்த்ததும் பக்கம் புரட்டுவதை நிறுத்திவிட்டாள். சாமியாரிடம் கேட்டு அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு நேரே பெரியப்பா வீட்டுக்கு நடந்தாள்.

"பெரியப்பா, இஞ்ஞாசியம்மாள் யாரு?"

"எங்க அப்பா கூடப் பொறந்தவ. நான் சின்னப் பயலா இருக்கையில காலராவுல போயிட்டா. கல்யாணம் கட்டல. இப்ப எதுக்கு அவள கேக்க?"

"இத வாசிங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை வாங்கினார். 1951-ஆம் வருஷத்துப் பதிவு. பிள்ளை பிழைக்காது என்ற நிலையில், சாமியார் ஊரில் இல்லாததால், அத்தை இஞ்ஞாசியம்மாள் வீட்டிலேயே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்து, மரியான் என்று பெயரிட்டாள். சாகக் கிடக்கிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் அப்படிச் செய்யலாம் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். தனக்கு அது நடந்தது அவருக்குத் தெரியாது.

இரண்டு தடவை வாசித்தார். "சாகக் கெடந்து பொழச்சேன்னு அம்மை சொல்லியிருக்கா. தண்ணி ஊத்துனது யாருன்னு நான் கேக்கவே இல்ல."

"கல்யாணப் பதிவேட்டுல அது இருக்காது பெரியப்பா."

அவர் உடனே ஃபிளெக்ஸ் கடைக்குப் போன் போட்டார். "அண்ணாச்சி, நம்ம படத்த அடிச்சிராதீங்க. ஆள் விட்டுப்போச்சு."

பிறகு, தான் கையால் வரைந்து வைத்திருந்த மூலப் படத்தை மேசையில் விரித்துப் பென்சிலை எடுத்தார். "இவள எங்கன போட?"

"தாத்தா பக்கத்துல. கீழ பன்னெண்டு கோடு இழுங்க."

"கோடு பெத்த பிள்ளைக்குல்லா இழுக்கணும்?"

"அப்ப புள்ளிக்கோடு போடுங்க. யாரு ஏந்துனாங்கன்னு தெரியட்டும்."

அவர் இழுத்தார். பன்னிரண்டாவது கோடு தன் பெயரில் வந்து முட்டியபோது அழுகை வந்துவிட்டது. அவர் அதை மறைக்கவில்லை.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தார். "ஏளா, நீ எத்தன பிள்ளைய ஏந்தியிருக்க?"

"அண்ணன் பிள்ளைக மூணையும் நான்தான்."

வெள்ளையாகக் கிடந்த இடத்தில் ஜாஸ்லின் என்று எழுதி, மூன்று புள்ளிக்கோடு இழுத்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, பக்கத்தில் இருந்த பெயரை ரப்பரால் அழித்துச் சற்றுத் தள்ளி எழுதினார்.

"அத ஏன் தள்ளுதீங்க?"

"ஒனக்குக் கீழ எடம் வேணும்லா. இன்னும் ஏந்துவ."