எண்ணெய் ஆறட்டும்

ராத்திரி ஷிப்ட் வேலையை விட்டுவிட்டேன். உடம்புக்கு அது இன்னும் தெரியவில்லை. இரவெல்லாம் கொட்டக் கொட்ட விழித்திருந்துவிட்டு, பகலில் அக்கா வீட்டுச் சமையலறைத் தரையில் படுத்துக் கிடந்தேன். வீட்டில் இருப்பது ஓர் அறை. அதில் தொட்டில். மிச்சம் இந்தச் சமையலறைதான்.

அக்கா கடைகளுக்கு உருளைக்கிழங்கு வறுவல் போட்டுக் கொடுக்கிறாள். அடுப்புக்கு ஒரே பர்னர். கடைசி ஈடு எடுத்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, கொதிக்கும் எண்ணெயோடு வாணலியை இரண்டு துணியால் பிடித்துத் தூக்கி என் தலைமாட்டில் வைப்பாள். பிறகு அடுப்பில் குழந்தைக்குப் பால் ஏறும். தினமும் நான் தலையை மட்டும் நகர்த்திக்கொள்வேன்.

அன்று நகர்த்தவில்லை. கீழே கிடந்து அண்ணாந்து பார்த்தபோது, மேடை அடுப்பில் இருந்த வாணலியின் இடது காதைப் பிடித்திருக்கும் இரண்டு ஆணிகளில் ஒன்றைக் காணோம். இன்னொன்று ஆடிக்கொண்டிருந்தது. நின்று சமைப்பவள் கண்ணில் அது படாது.

எழுந்தேன். இரண்டு துணிகளையும் எடுத்துப் போட்டு அவற்றின் மேல் உட்கார்ந்தேன்.

"துணியக் குடுடா."

"காது கழண்டுடும் போல இருக்கு. எண்ணெய் அங்கேயே ஆறட்டும்."

"தினம் தூக்குறவ நான். எனக்குத் தெரியாதா?"

தொட்டிலில் அக்கா பையன் குண்டு எழுந்து கத்த ஆரம்பித்தான். நடக்கப் பழகிய புதிது. அக்கா அவனைத் தூக்கி இறக்கிவிட்டாள். நிலையைப் பிடித்தபடி சமையலறை வாசலில் நின்று கத்தினான்.

"பக்கத்து வீட்ல பால சுட வச்சுக்கோக்கா."

"பூட்டிட்டுப் போயிட்டாங்க. சில்லுன்னு குடுத்தா இவன் துப்புவான்."

பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து ஈரத்துணியை எடுத்தாள்.

"ஈரத்துணியில பிடிச்சா சூடு நேரா கைக்கு ஏறும்." அதையும் பிடுங்கி அடியில் போட்டுக்கொண்டேன். லுங்கி நனைந்தது.

"முதல்ல ஒரு வேலைக்குப் போ. அப்புறம் வந்து சட்டம் பேசு."

அப்போதுதான் மாமா வந்தார். பஸ் டிரைவர். விடியலில் போனவர்.

"என்னடி சத்தம்?"

"உங்க மச்சான் துணி மேல உக்காந்து போராட்டம் பண்றாரு."

"மாப்ள, எந்திரி. பேசக்கூட எனக்குத் தெம்பில்ல."

"மாமா, அந்தக் காது..."

அவர் கேட்கவில்லை. காக்கிச் சட்டையைக் கழற்றி, அதன் இரு முனைகளால் இரண்டு காதுகளையும் பிடித்தார். கொதிக்கிற எண்ணெயை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட முடியாது. குண்டுவைத் தூக்கிக்கொண்டு அக்காவையும் வெளியே தள்ளினேன்.

விரலளவு தூக்கியதுமே ஆணி தெறித்தது. வாணலி டங்கென்று அடுப்பிலேயே விழுந்து உட்கார்ந்தது. எண்ணெய் சுவரில் அடித்து வழிந்தது. கொஞ்சம் மாமாவின் மணிக்கட்டில்.

"பேஸ்ட் கொண்டாடி!"

"பேஸ்ட்டெல்லாம் வேணாம் மாமா. பாத்ரூம் குழாயில கையக் காட்டுங்க. சீக்கிரம் எடுத்துடாதீங்க."

குழாயடியில் நின்றபடியே அவர் என்னைத் திட்டினார். "முன்னாடியே சொல்றதுக்கென்ன உனக்கு?"

"சொன்னேனே மாமா."

"சொல்ற மாதிரியா சொன்ன?"

அக்கா என் தலையணை கிடந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு குண்டு நின்ற வாசலைப் பார்த்தாள். அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"நாளைக்கு என்னடா பண்றது?" என்றாள்.

"முதல்ல பாலக் காய்ச்சி ஃபிளாஸ்க்ல ஊத்தி வை. அப்புறம் எண்ணெய வை. அது அடுப்புலேயே கிடந்து ஆறட்டும். வேற வாணலி வாங்கணும்."

"இத இத்தன நாளா சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"இப்பத்தான் தோணுச்சு."

அவள் அதற்குமேல் திட்டவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே. குண்டு அழுது ஓய்ந்து, பால் குடிக்காமலே என் தோளில் தூங்கிப்போனான். அவனை அக்கா மடியில் போட்டுவிட்டு, வாணலியின் விளிம்புக்கு மேலே கையை நீட்டிப் பார்த்தேன்.

இன்னும் அனலடித்தது. துணிகளின் மேல் போய் மறுபடி உட்கார்ந்தேன்.