நெட்டைக் கிளாஸ்

எங்கள் ஜூஸ் கடையில் இரண்டு வகை கிளாஸ் உண்டு. ஒன்று குட்டையாக, குண்டாக இருக்கும். மற்றது நெட்டையாக, ஒல்லியாக இருக்கும். நெட்டைக்கு 'ஸ்பெஷல்' என்று பெயர், விலையும் கூடுதல். இரண்டிலும் பிடிப்பது ஒரே அளவுதான். இந்த ரகசியம் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டும்தான் தெரிந்திருந்தது. எங்கள் பெண் பொடிசு, ஐந்தரை வயது, ஒருநாள் தானே மாற்றி மாற்றி ஊற்றிப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். வெளியாள் யார் கேட்டாலும் நெட்டையில்தான் நிறைய என்று சொல்ல வேண்டும் என அவள் அப்பா சொல்லி வைத்தார்.

ஆறு வயது நிரம்பாத பிள்ளைகளை முதல் வகுப்பில் சேர்ப்பதற்கு முன் உளவியல் படித்த ஒரு டீச்சர் சோதித்துப் பார்ப்பார். தேறாவிட்டால் இன்னும் ஒரு வருடம் மழலையர் வகுப்புதான். அங்கே தெரிந்த எழுத்தையே திரும்பத் திரும்ப எழுதச் சொல்கிறார்கள் என்று பொடிசு தினமும் காலையில் ஒப்பாரி வைக்கிறாள். இன்னொரு வருடம் என்றால் பள்ளிக்கூடம் பக்கமே போக மாட்டேன் என்பாள். பிடிவாதத்தில் என்னை உரித்து வைத்திருக்கிறாள்.

சோதனை நாளில் பெற்றோரெல்லாம் பின்பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார வேண்டும். டீச்சர் ஒரே மாதிரியான இரண்டு குட்டைக் கிளாஸில் சமமாகத் தண்ணீர் ஊற்றி, இரண்டும் ஒரே அளவு என்று பொடிசு சொன்ன பிறகு, ஒன்றை அப்படியே நெட்டைக் கிளாஸுக்கு மாற்றினார். இப்போது எதில் நிறைய இருக்கிறது என்று கேட்டார்.

பொடிசு திரும்பி என்னைப் பார்த்தாள். கடையில் நிற்கும்போது வரும் அதே கள்ளச் சிரிப்பு.

"நெட்டையிலதான் நிறைய. அது ஸ்பெஷல்."

டீச்சர் சிரித்துக்கொண்டே எதையோ குறித்தார். பிறகு என்னிடம் தன்மையாகத்தான் சொன்னார். இந்த வயதில் கண்ணுக்குத் தெரியும் உயரம்தான் பிள்ளைகளுக்கு அளவு, ஊற்றினால் அளவு மாறாது என்பது பிடிபடக் கொஞ்ச காலம் ஆகும், அவசரப்படுத்தக் கூடாது, ஒரு வருடம் போகட்டும் என்றார்.

பெஞ்சில் இருந்தவர்களில் பாதிப் பேர் எங்கள் வாடிக்கையாளர்கள். வாயைத் திறந்தால் கடையின் மானம் கப்பலேறிவிடும். திறக்காவிட்டால் என் பெண்ணுக்கு ஒரு வருடம் வீண். கடை போனால் போகட்டும் என்று எழுந்தேன்.

"கண்ணு, டீச்சர் கஸ்டமர் இல்ல. நிஜத்தைச் சொல்லு."

"அப்பா திட்ட மாட்டாரா?"

"அவரை நான் பார்த்துக்கறேன்."

பொடிசு டீச்சர் பக்கம் திரும்பினாள். "ரெண்டும் ஒண்ணுதான். கிளாஸ்தான் ஒல்லி. திருப்பி குண்டுல ஊத்துங்க, பழைய இடத்துலயே வந்து நிக்கும். எங்க கடையிலயும் அப்படித்தான்."

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். களிமண் உருண்டையைத் தட்டையாக்கி மண் கூடிவிட்டதா என்று கேட்டார், பொத்தான்களைத் தள்ளித் தள்ளி வைத்து எண்ணிக்கை கூடிவிட்டதா என்று கேட்டார். பொடிசு ஒன்றிலும் மாட்டவில்லை. ஏன் என்று கேட்டதற்கும் டக் டக்கென்று பதில் சொன்னாள்.

"பிள்ளைங்களுக்கு என்ன தெரியும்னு இத்தனை வருஷமா கேட்டிருக்கேன்," என்றார் டீச்சர். "என்னை யாருன்னு நினைச்சு பதில் சொல்றாங்கன்னு நான் யோசிச்சதே இல்லம்மா." எழுதிய தாளைக் கிழித்துவிட்டு, புதுத் தாளில் முதல் வகுப்பு என்று எழுதினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது. தன் மகனைக் கூட்டி வந்திருந்த எலக்ட்ரீஷியன் எழுந்து நின்றார். இரண்டு வருடமாகத் தினமும் சாயங்காலம் எங்களிடம் ஸ்பெஷல் குடிப்பவர். அப்படியானால் தான் குடித்ததெல்லாம் என்ன என்று கேட்டார். தலை குனிய வேண்டிய இடம்தான். ஆனால் பெருமை பிடித்து ஆட்டும்போது தலை எங்கே குனிகிறது?

"குட்டைக் கிளாஸ் அளவுதாண்ணே. தப்பு எங்களோடதுதான், நாளையிலேருந்து ரெண்டுக்கும் ஒரே விலை," என்றேன். "ஆனா அஞ்சரை வயசுல என் பொண்ணு கண்டுபிடிச்சிட்டா. உங்களுக்கு என்ன வயசு?"