பதினைந்து மில்லிமீட்டர்

உடம்புக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் காசநோய்க் கிருமியைப் பற்றி எங்கள் மருத்துவக் கல்லூரியில் என்னளவு தெளிவு உள்ளவர் எவரும் இல்லை. கிருமி தூங்கும், நோய் கிடையாது, பிறருக்குத் தொற்றவே தொற்றாது. இதைத் தேர்வில் மூன்று பக்கம் எழுதி முதல் மதிப்பெண் வாங்கியவன் நான். ஆகவே என் அறைத் தோழன் சாப்பாட்டுத் தட்டோடு தாழ்வார ஜன்னலுக்குக் குடிபோனபோது அவனைக் கிண்டல் செய்ய எனக்கு முழுத் தகுதி இருந்தது.

ஒல்லி, நெட்டை, அவனை ஸ்கேல் என்போம். நெஞ்சுநோய் வார்டுக்கு அனுப்பும் முன் மாணவர்கள் எல்லோருக்கும் முன்கையில் ஓர் ஊசி போடுவார்கள். இரண்டு நாள் கழித்துத் தடிப்பை அளப்பார்கள்; பத்து மில்லிமீட்டரைத் தொட்டால் கிருமி உள்ளே தூங்குகிறது என்று அர்த்தம். அவன் பிரிவில் அவனுக்கு மட்டும் தடித்தது. எக்ஸ்ரே சுத்தம். வாரம் ஒருமுறை மாத்திரை, மூன்று மாதம் என்றார்கள். தனியாகச் சாப்பிடு என்று யாரும் சொல்லவில்லை. அவனாகத்தான் போனான்.

"என்னடா ஸ்கேல், ஜன்னலுக்கு வீட்டோட மாப்பிள்ளையா போயிட்டியா?"

"காத்து வருதுடா."

"ஒட்டிக்காதுன்னு நீயும்தானே படிச்ச?"

"படிச்சேன்."

மேசையில் ஏழு பேரும் சிரித்தோம். அவனை இங்கே வா என்று கூப்பிட்டதாக நினைவில்லை.

மூன்று மாதம் கழித்து எங்கள் பிரிவின் முறை வந்தது. ஊசி போட்ட மறுநாளே கையை மேசைமேல் நீட்டி நானே தீர்ப்புச் சொன்னேன்.

"வெறும் சிவப்பு. சிவப்பைக் கணக்குல எடுக்கக் கூடாது. பூஜ்யம்."

அடுத்த நாள் நர்ஸ் அக்காவும் சிவப்பைக் கணக்கில் எடுக்கவில்லை. பேனா முனையைத் தோலில் அழுத்தி மெல்ல இழுத்து வந்தார். ஓரிடத்தில் பேனா முட்டி நின்றது. எதிர்ப்பக்கத்திலிருந்து இழுத்தார். அங்கும் நின்றது. இரண்டு கோட்டுக்கும் நடுவே அளந்தார்.

"பதினஞ்சு."

"அக்கா, பேனா சரியில்ல போல."

"பேனா நல்லாத்தான் இருக்கு தம்பி. போய் எக்ஸ்ரே எடுத்துட்டு வா."

"இது யாருக்கும் ஒட்டிக்காதுல்ல?"

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "முதல் மார்க் வாங்கினது நீதானே?"

என் எக்ஸ்ரேயும் சுத்தம். மாத்திரைச் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன். ஸ்கேல் மேசைக்குத் திரும்பியிருந்தான். அந்த வாரம்தான் அவனுக்குக் கடைசி மாத்திரை.

"எவ்வளவுடா?" என்றான் ஒருவன்.

"பதினஞ்சு."

யாரும் எழுந்து ஓடவில்லை. எதிரே இருந்தவன் தண்ணீர்க் குவளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். தாகமாக இருந்திருக்கலாம்.

ஸ்கேல் பக்கத்து நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டான். "உக்காருடா. ஒட்டிக்காது."

"தெரியும்" என்றேன்.

தட்டை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு நடந்தேன். ஜன்னல் கட்டையின் தூசியில் ஒரு தட்டளவுக்கு வட்டமாக இடம் சுத்தமாக இருந்தது. அதில் என் தட்டை வைத்தேன். பின்னால் யாரும் சிரிக்கவில்லை.

காற்று ஒன்றும் வரவில்லை.