புதுத் துணியில் ஒட்டு

புத்தம் புதுத் துணியைத் துண்டு துண்டாக வெட்டி, அதையே மறுபடி ஒட்டுப் போட்டுத் தைக்க ஒரு கம்பெனி; அதை வாங்கிப் போர்த்திக்கொள்ள ஒரு வெள்ளைக்கார தேசம். கன்னியம்மாளுக்கு வயிறு எரிந்தது. ஒட்டுப் போட்ட பாவாடையைப் பையால் மறைத்துக்கொண்டுதான் அவள் படித்த காலத்தில் கல்லூரிக்கு பஸ் ஏறினாள். இங்கே அதற்குப் பெயர் டிசைனாம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த அந்த எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு ஒரு சூப்பர்வைசர் டிரெய்னி தேவைப்பட்டது. பட்டதாரியே ஆனாலும் முதலில் ஒரு கட்டம் தைத்துக் காட்ட வேண்டும். நடுவில் சதுரம், சுற்றிலும் முக்கோணங்கள், எல்லாம் சேர்ந்தால் நட்சத்திரம். பக்கத்துக்குப் பன்னிரண்டு அங்குலம். அப்படிப்பட்ட கட்டங்களைச் சேர்த்துத்தான் போர்வை.

கன்னியம்மாள் அதற்குமுன் மெஷினில் உட்கார்ந்தவள் இல்லை. ஆனால் இந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும். கிடைத்தால் கல்யாணத்துக்கு ஒரு வருஷம் பொறுப்பதாக அப்பா கோதண்டம் சொல்லியிருந்தார். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை வேப்பம்பட்டிலிருந்து லோகநாதன் தாம்பூலத் தட்டோடு அவர்களுடைய நூம்பல் வீட்டுக்கு வந்துவிடுவான். அம்மாவின் தம்பி. 'படிச்சவ திமிரை நான் அடக்குறேன்' என்று போகிற இடமெல்லாம் சொல்லித் திரிகிற சூரன்.

அவள் தைத்து நீட்டிய கட்டத்தை ஃப்ளோர் இன்சார்ஜ் கஜபதி டேப் வைத்து அளந்தான்.

"இன்னாம்மா இது, ஒம்போது இஞ்ச்தான் கீது? கொயந்தைக்குத் தலகாணி உறையா?"

வரிசை முழுக்கச் சிரித்தது.

"நீங்க வெட்டிக் குட்த்த துணிதான். நான் கத்திரியே தொடல."

கஜபதி கட்டத்தைத் திருப்பினான். உள்பக்கம் தையலுக்குத் தையல் துணி தடித்துக் கிடந்தது.

"தையலுக்கு உள்ள கால் இஞ்ச்தான் உடணும். இன்னாத்துக்கு இம்மாந்துணி உள்ள உட்டுகினு கீற?"

"எங்க ஊட்ல அப்டித்தான். ஆளு வளர்ந்தா பிரிச்சி உட்டுக்கலாம்."

"போர்வ கூட வளருமாக்கா?" என்றாள் பக்கத்து மெஷின் பேபி.

"பி.எஸ்ஸி. கணக்காம்! பன்னெண்ட ஒம்போதாக்கிட்சி," என்றான் கஜபதி.

கன்னியம்மாளுக்குக் காது சுட்டது. தப்பு தன்னுடையதுதான்; அதைவிட அவன் பல்லைக் காட்டியதுதான் தாங்கவில்லை. அம்மா நாகம்மா தைத்த ஒரே ரவிக்கை மூன்று வருஷம் அவளோடு சேர்ந்து வளர்ந்தது. உள்ளே துணி விடாமல் தைக்கிறவர்கள் அடுத்த வருஷமும் துணி வாங்க முடிந்தவர்கள். இவனுக்கு எங்கே தெரியப்போகிறது?

"கெளம்பு. ஒர்த்தருக்கு ஒரு செட்டுதான். வேற துணி கெடியாது."

"உங்க துணி யாருக்கு வேணும்? இத்தையே பிரிச்சித் தைக்கிறேன்."

"பிரிக்கவே சாய்ங்காலம் ஆய்டும்."

"ஆவட்டும். உங்க ஊட்டு சோத்தையா துன்னுகினு உக்காந்துகீறேன்?"

பிளேடை வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்த பிறகும் பிரித்துக்கொண்டிருந்தாள். துணி ஒரு நூல்கூடக் குறையவில்லை; எல்லாம் உள்ளேதான் இருந்தது. மெஷினில் மறுபடி உட்கார்ந்தபோது பேபி தலையைத் தூக்காமலே சொன்னாள்: "மெஷினு பாதத்து ஓரத்தையே புட்ச்சிகினு போக்கா. கால் இஞ்ச் தானா வரும்."

இந்த முறை பன்னிரண்டு வந்தது. கஜபதி அப்போதும் விடவில்லை.

"ஸ்டாருல ஒரு மொன மொட்டையா கீதே?"

"அத்தப் போத்திகினு படுக்கிறவ ஸ்கேலு வெச்சிகினா படுப்பா?"

வரிசை மறுபடி சிரித்தது, இப்போது அவனைப் பார்த்து.

"வாய்தான் உனுக்கு. கத்துக் குட்த்தா ஆறு மாசத்துல கண்ணாலம்னு ஓடிப் பூடுவே."

"வேல இல்லன்னாதான் எனக்குக் கண்ணாலம். குட்த்துப் பாரு."

கஜபதி கட்டத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தான். பிரியவில்லை.

"திங்கக்கெயம வா. மொதல்ல கட்டம்தான் தைக்கணும். சூப்பர்வைசர் சேரெல்லாம் அப்பால."

அப்பாவின் வாக்கைப் பற்றி அவளுக்குத் தெரியும். தட்டோடு மச்சான் லோகநாதன் வாசலில் வந்து நின்றால் அது பத்து நிமிஷம்கூடத் தாங்காது.

"ஞாயித்துக்கெயம மெஷின் ஓடுமா?"

"ஷிப்மென்ட் கீது, ஓடும். உனுக்கின்னா?"

"அன்னிக்கே வரேன்."

பெண் இல்லாத வீட்டில் அந்தத் தட்டை அவன் யாரிடம் நீட்டுகிறான், பார்க்கலாம்.