மூன்று நிமிடத்துக்குப் பிறகு மச்சான் பேசியது

மச்சான் ஊருக்கு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ஆளுக்கொரு ரேடியோ வைத்துப் பொழுதுபோக்காகப் பேசிக்கொள்ளும் அமெச்சூர் ரேடியோ சங்கத்துக்குத் தலைவர். அதே சங்கத்தில் உறுப்பினனான லிஃப்ட் மெக்கானிக்குக்கோ மனைவியின் அண்ணன். மைக்கைப் பிடித்தால் லேசில் விடமாட்டார். கூட்டமே கொட்டாவி விட்டாலும் அவருக்கு உறைக்காது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் தங்கை புருஷனைப் பற்றி மட்டும் அந்த வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. மெக்கானிக்குக்கு அந்தக் குறை மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

சங்கத்தின் ரிப்பீட்டர் ஓர் உயரமான கட்டடத்தின் மொட்டைமாடியில் இருந்தது. உறுப்பினர்கள் சின்னக் கருவியில் பேசுவதை வாங்கி, ஊர் முழுக்கக் கேட்கும்படி திருப்பி அனுப்பும். அதை இயக்கும் கன்ட்ரோலர் புகைந்துபோனதும், மெக்கானிக் பழைய லிஃப்ட் ரிலேக்களையும் ஒரு டைமரையும் பிஸ்கட் டப்பாவுக்குள் பூட்டிப் புதிதாக ஒன்று செய்தான். யாராவது பேசினால் ரிப்பீட்டரை முடுக்கும், நிறுத்தினால் அணைக்கும். கூடவே யாரிடமும் சொல்லாத ஒரு குறும்பு: ஒரே ஆள் மூன்று நிமிடத்தைத் தாண்டினால், பேசும்போது அழுத்திப் பிடிக்கும் பொத்தானிலிருந்து கையை எடுக்கும் வரை அவர் பேச்சு வெளியே போகாது. பேசுகிறவருக்கு அது தெரியவும் தெரியாது. யாருக்காக இந்த ஏற்பாடு என்று சொல்லவே வேண்டாம்.

ஞாயிறு காலை ரேடியோவிலேயே வாக்கெடுப்பு. டப்பாவை வைத்துக்கொள்வதா, கடையில் புதிது வாங்குவதா? மனைவி அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். மெக்கானிக் நகத்தைக் கடித்தபடி ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"பிஸ்கட் டப்பாவக் கொண்டுபோய் மாட்டி வச்சிருக்காரு. பாக்கவே சகிக்கல. வயரெல்லாம் குடல் மாதிரி தொங்குது..."

மச்சான் ஒரு குறையையும் விட்டுவைக்கவில்லை. மெக்கானிக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று நிமிடம் ஆனதும் பேச்சு பாதியில் நின்றது. அப்பாடா!

பதினோரு நிமிடம் எல்லோருக்கும் நிம்மதி. ஒருவர் துணி காயப்போட்டார், ஒருவர் குளித்துவிட்டே வந்தார். மச்சான் கையை எடுத்ததும் ரிப்பீட்டருக்கு உயிர் வந்தது. மற்ற இருபத்திரண்டு பேரும் டப்பாவுக்கே வாக்களித்தார்கள். இப்பேர்ப்பட்ட டப்பாவை யார் விடுவார்கள்? எல்லாம் தன் பேச்சின் மகிமை என்று தலைவர் பூரித்துப்போனார். குறை சொன்ன மனிதர் எதற்குப் பூரிக்கிறார் என்று மெக்கானிக்குக்குப் புரியவில்லை.

மதியம் மனைவி கண் கலங்கியபடி உள்ளே வந்தாள்.

"கேட்டீங்கல்ல? என் அண்ணன் வாயால!"

"எத?"

"'குறையெல்லாம் சொல்லிட்டேன், இப்ப மனசுல இருக்கறதச் சொல்றேன். இந்தக் கைவேலை யாருக்கு வரும்? என் தங்கச்சிய நல்ல ஆளுக்குத்தான் குடுத்திருக்கேன்'னாரே! அப்புறம் முழுக்க உங்களப் பத்தியேதான்."

மெக்கானிக்கின் முகம் வெளிறியது. பன்னிரண்டு வருடம் ஏங்கிய வார்த்தையைத் தன் கையாலேயே தடுத்திருக்கிறான். அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் ஏதோ முட்டிக்கொண்டு வந்தது.

உடனே போன் போட்டான். "மச்சான், காலையில பேசினீங்களே, அத இன்னொரு தடவை..."

"ஏன் மாப்பிள்ள, சரியா கேக்கலயா?"

உண்மையைச் சொன்னால் டப்பாவும் போகும், மானமும் போகும்.

"ஒரு எழுத்து விடாம கேட்டுச்சு மச்சான்."

"அப்ப சரி. நேர்ல மட்டும் சொல்லச் சொல்லாதீங்க, எனக்கு வெக்கமா இருக்கும்" என்று மச்சான் சட்டென்று போனை வைத்துவிட்டார்.